முதல் கேம் செய்கிறீர்களா? சலிப்பைச் செலவுக்கு முன்னால் பிடியுங்கள்

என் முதல் கேமுக்கு எட்டு மாதம் ஆனது. பகல் வேலை முடித்து இரவில் உட்கார்ந்து செய்தது. ஒரு வௌவால் இருட்டுக் குகைக்குள் பறந்து மின்மினிகளைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். 40 லெவல், மூன்று மெனு, காசு கொடுத்து வாங்கிய இசை. சிறகடிப்புக்கு மட்டும் 12 படம் வரைந்தேன். எல்லாம் முடிந்த பிறகு அக்கா மகன் கையில் கொடுத்தேன். பதினோரு வயது, கேம் என்றால் கூப்பிட்டால்கூடக் காதில் விழாது அவனுக்கு. ஒன்றரை நிமிடம் ஆடினான். "நல்லாருக்கு சித்தி" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. எங்கே பிடிக்கவில்லை என்றாவது தெரிந்திருக்கும்.

அதற்கப்புறம் மூன்று மாதம் அந்தக் கேமைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினேன். அப்போதுதான் புரிந்தது, நான் செய்த வேலைகளில் பெரும்பாலானவை தப்பில்லை, வரிசைதான் தலைகீழ். முதல் வாரம் கண்டுபிடித்திருக்க வேண்டிய சலிப்பை எட்டாவது மாதம் கண்டுபிடித்தேன். அதற்குள் அதன்மேல் ஓவியம், இசை, மெனு என்று அடுக்கடுக்காக ஏற்றிவிட்டிருந்தேன். ஒருவரோ இருவரோ சேர்ந்து முதன்முதலாகச் செய்கிற சின்ன கேமுக்கு, இப்போது நான் பின்பற்றும் வரிசை இது.

1. ஒரு பக்கம் எழுதுங்கள், அதற்குமேல் வேண்டாம்

செலவு: இல்லை. நேரம்: ஒரு மாலை.

நான் 34 பக்கம் எழுதினேன். குகை எப்படி உருவானது, வௌவாலின் குடும்பம், ஏழு வகை மின்மினி எல்லாம் அதில் இருந்தது. ஆடுபவர் என்ன செய்வார் என்பது மட்டும் ஒன்றரை வரி. இப்போது நான்கே கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்:

- ஆடுபவர் நொடிக்கு நொடி என்ன செய்கிறார்? வினைச்சொல்லில் எழுதுங்கள்: பறக்கிறார், அடுக்குகிறார், ஒளிகிறார்.
- எதற்காகச் செய்கிறார்?
- எது குறுக்கே நிற்கிறது?
- ஒன்றை எடுத்தால் எதை விட வேண்டியிருக்கிறது?

முதல் மூன்றுக்கும் யாரும் பதில் எழுதிவிடலாம். நான்காவது காலியாக இருந்தால் பேனாவை வைத்துவிட்டு யோசியுங்கள். சலிப்பான கேம்களில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்குகின்றன.

மூன்றுக்கு மூன்று கட்டத்தில் எக்ஸ், ஓ போடும் ஆட்டத்தைப் பாருங்கள். இரண்டு பேரும் சரியாக ஆடினால் எப்போதும் சமன்தான். சின்ன வயதில் அது சுவாரசியமாக இருக்கும், ஏனென்றால் சரியான நகர்வு எதுவென்று அப்போது தெரியாது. தெரிந்த நாளிலிருந்து அதில் முடிவெடுக்க ஒன்றுமில்லை. கை தானாகப் போடுகிறது. இன்னொரு பக்கம் டெட்ரிஸ். 10 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம், மொத்தம் ஏழே வடிவம். ஓரத்தில் ஒரு குழியை விட்டுவைத்து நீளக்கட்டைக்குக் காத்திருந்தால் நான்கு வரிசையை ஒரேயடியாகக் காலி செய்யலாம், மதிப்பெண் கொட்டும். ஆனால் காத்திருக்கும்போது மேடு ஏறிக்கொண்டே வரும். இப்போதே ஒரு வரிசையைக் காலி செய்து பிழைப்பதா, இன்னும் இரண்டு கட்டை பொறுப்பதா? ஒவ்வொரு கட்டை விழும்போதும் இந்தக் கேள்வி மறுபடி வருகிறது. அதனால்தான் கை நிற்பதில்லை.

என் வௌவாலிடம் இப்படி எந்தக் கேள்வியும் இல்லை. மின்மினி அங்கே இருக்கிறது, போய்ப் பிடி. பிடிக்காமல் விடுவதற்குக் காரணமே கிடையாது. கேம் என்ற பெயரில் வீட்டு வேலை கொடுத்திருந்தேன். பிறகு செய்த மாற்றம் இதுதான்: பிடிக்கிற ஒவ்வொரு மின்மினியும் வௌவாலை இன்னும் கொஞ்சம் பிரகாசமாக்கும், பிரகாசம் கூடக் கூட, வௌவாலைப் பிடிக்கக் காத்திருக்கும் ஆந்தைக்கு இன்னும் தொலைவிலிருந்து தெரியும், பொந்துக்குத் திரும்பினால்தான் மின்மினிகள் ஸ்கோராக மாறும், வெளிச்சமும் அணையும். இரண்டு பிடித்ததும் திரும்புவதா, நான்காவதற்கும் ஆசைப்படுவதா? கேமின் கோடில் (நிரலில்) 20 வரிகூட வராது. ஒரு பிற்பகலில் முடிந்தது. எட்டு மாத உழைப்பு தராததை அந்தப் பிற்பகல் தந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தேர்வுகள் நிறைய வைத்தால் சுவாரசியம் என்று நினைத்து ஆறு ஆயுதம் கொடுப்பார்கள். அதில் ஒன்று மற்ற ஐந்தையும்விடச் சிறந்தது என்றால், ஆடுபவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம் மற்ற ஐந்தும் மெனுவில் சும்மா கிடக்கும்.

2. சதுரங்களை வைத்துச் செய்யுங்கள்

செலவு: இல்லை. நேரம்: ஒரு வாரக்கடைசி, மிஞ்சினால் இரண்டு.

வௌவால் ஒரு நீலச் சதுரம். மின்மினி மஞ்சள். ஆந்தை சிவப்பு. ஒரே ஒரு ஸ்கிரீன். மெனு வேண்டாம், பெயர் வேண்டாம், சேமிக்கும் வசதி வேண்டாம். படமே இல்லாத இந்த நிலையில் "இன்னொரு தடவை" என்று உங்களுக்கே தோன்றவில்லை என்றால், படம் போட்டபின் வருபவருக்கு மட்டும் எப்படித் தோன்றும்?

எந்த மென்பொருள் என்று கேட்பீர்கள். கோட் எழுதியே பழக்கமில்லை என்றால் ஸ்கிராட்ச். கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் போதும், இலவசம். கொஞ்சம் எழுதத் தெரியும் என்றால் கோடோ (Godot) என்ற கேம் செய்யும் மென்பொருள். எம்ஐடி உரிமம், பங்கும் கேட்காது, கட்டணமும் கேட்காது. யூனிட்டிக்கும் சின்ன வருமானக்காரர்களுக்கு இலவசப் பதிப்பு உண்டு. பிக்கோ-8 என்று ஒன்று இருக்கிறது, 128-க்கு 128 புள்ளி ஸ்கிரீன், 16 நிறம், 15 டாலருக்குச் சற்றுக் குறைவு. வாங்கியே தீர வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவு சின்ன இடத்தில் செய்யும்போது தேவையில்லாததைச் சேர்க்க மனசே வராது, அந்த நன்மை உண்டு.

எதை எடுப்பது என்று மூன்று வாரம் வீடியோ பார்த்தேன். அந்த மூன்று வாரத்தில் மூன்று சதுர ஆட்டம் செய்து பார்த்து, இரண்டைத் தூக்கிப் போட்டிருக்கலாம்.

3. கைக்குப் பதில் கிடைக்கட்டும்

செலவு: இல்லை. நேரம்: இரண்டு வாரம். இதில் அவசரப்படாதீர்கள்.

ஒரே விதிகள் உள்ள இரண்டு கேமில் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், இன்னொன்று சேற்றில் நடப்பதுபோல் இருக்கும். ஆடுபவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாது. "என்னமோ மாதிரி இருக்கு" என்பார். அந்த என்னமோவில் பாதி நேரக்கணக்கு.

நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறி மாறி வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) ஓடுகிற கேமில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. பட்டனை அழுத்திய அதே ஃபிரேமிலோ அடுத்ததிலோ திரையில் ஏதாவது மாறவேண்டும். என் வௌவால் பட்டனை அழுத்தியதும் முதலில் சிறகை மேலே தூக்கும் ஐந்து படங்களைக் காட்டிவிட்டுத்தான் நகரும். பார்க்க அழகு, ஆடினால் எரிச்சல். முதலில் நகரவிட்டு, அதன் பின்னால் படத்தை ஓடவிட்டேன். அழகு கொஞ்சம் குறைந்தது, யாரும் கவனிக்கவில்லை.

குதிக்கிற கேம் செய்பவர்கள் இந்த நான்கையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள்:

ஏறும் வேகத்தைவிட இறங்கும் வேகம் கூடுதலாக இருக்கட்டும். இயற்பியல் புத்தகம் இரண்டும் சமம் என்று சொல்லும். கைக்கு அது பலூன் மாதிரித் தெரியும்.

பட்டனைச் சட்டென்று விட்டால் சின்னக் குதி, பிடித்திருந்தால் பெரிய குதி.

விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் ஐந்தாறு ஃபிரேம் வரை குதிக்க அனுமதியுங்கள். இதைக் கயோட்டி டைம் என்பார்கள். ஆடுபவர் விளிம்பில்தான் அழுத்தினோம் என்று சத்தியம் செய்வார். அவர் கண்ணும் கையும் சேர்வதற்குள் இரண்டு மூன்று ஃபிரேம் போயிருக்கும்.

தரையைத் தொடுவதற்கு ஐந்தாறு ஃபிரேம் முன்பே அழுத்திவிட்டால் அதை நினைவில் வைத்திருந்து, தொட்டதும் குதிக்கவிடுங்கள். இதற்குப் பெயர் ஜம்ப் பஃபர்.

இப்படியெல்லாம் சலுகை கொடுத்தால் கேம் சுலபமாகிவிடாதா என்று நானும் பயந்தேன். ஆகவில்லை. தன் தப்பால் செத்தால் மறுபடி வருவார்கள், கேமின் தப்பால் செத்ததாக நினைத்தால் மூடிவிடுவார்கள்.

ஹிட்பாக்ஸும் இதே கதைதான். ஹிட்பாக்ஸ் என்றால் மோதல் கணக்கிடப் படத்தைச் சுற்றி நாம் போடும், கண்ணுக்குத் தெரியாத பெட்டி. என் வௌவால் சிறகு விரித்தால் படத்தின் நான்கு மூலையிலும் வெற்றிடம். பெட்டி அதையும் சேர்த்துப் பிடித்திருந்தது. காற்றில் மோதிச் செத்துக்கொண்டிருந்தார்கள். "படவே இல்லையே!" என்று அக்கா மகன் கத்தியபோது நான் அவனோடு வாதாடினேன், அது வேறு. பிறகு வௌவாலின் பெட்டியை உடம்பளவுக்குச் சுருக்கினேன், மின்மினியின் பெட்டியைப் படத்தைவிடப் பெரிதாக்கினேன். ஆபத்துக்குச் சின்னப் பெட்டி, பரிசுக்குப் பெரிய பெட்டி. இந்த ஓரவஞ்சனையை யாரும் குறை சொல்லவே இல்லை.

அடிபடும்போது மூன்று நான்கு ஃபிரேம் எல்லாவற்றையும் உறையவைப்பது, ஸ்கிரீனை லேசாகக் குலுக்குவது, மின்மினி பிடித்ததும் ஒவ்வொரு முறையும் சற்று மேலேறும் ஒலி, எல்லாம் சேர்க்கலாம். அளவோடு. குலுக்கலை நிறுத்த அமைப்பில் ஒரு பட்டன் வையுங்கள், சிலருக்குத் தலை சுற்றும். பளிச்பளிச் என்று மின்னும் ஒளியை நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் போடாதீர்கள்; இணையத்தை எல்லோரும் பயன்படுத்த வகுத்த அணுகல் விதிகள், வலிப்பு வரக்கூடியவர்களுக்காக வைத்திருக்கும் வரம்பு அது.

பொறி: முதல் படியில் நான்காவது கேள்வி காலியாக இருக்க, இங்கே வந்து ஒலியும் குலுக்கலும் சேர்த்துச் சமாளிப்பது. இரண்டு நிமிடம் வரை ஏமாற்றும்.

4. சாவதைச் சுலபமாக்குங்கள்

செலவு: இல்லை. நேரம்: மூன்று நாள்.

ஸ்டாப்வாட்ச் எடுத்து, செத்த கணத்திலிருந்து மறுபடி கட்டுப்பாடு கைக்கு வரும்வரை அளந்து பாருங்கள். என்னுடையது 9 நொடி. திரை மெல்ல இருளும், "ஆட்டம் முடிந்தது" என்று எழுத்து வரும், சோக இசை, மெனு, லெவல் தேர்வு. 30 தடவை செத்தால் நான்கரை நிமிடம் வெறுமனே காத்திருப்பு. இப்போது ஒரு நொடிக்குள் அதே இடத்தில் வௌவால் பறக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் அக்கா மகன் உட்காரும் நேரம் இரட்டிப்பானது.

அடுத்தது அதிர்ஷ்டம். தற்செயல் இருக்கலாம், ஆனால் எங்கே வருகிறது என்பது முக்கியம். ஆடுபவர் முடிவெடுப்பதற்கு முன்னால் வந்தால் அது புதிர்: இந்தக் கட்டை வந்திருக்கிறது, என்ன செய்வாய்? முடிவெடுத்த பின்னால் வந்தால் அது லாட்டரி: சரியாகத்தான் செய்தாய், ஆனாலும் தோற்றாய். சின்ன கேமில் முதல் வகையைக் கூட்டி, இரண்டாவதைக் குறையுங்கள்.

முதல் வகைக்கும் கடிவாளம் வேண்டும். இப்போதைய டெட்ரிஸ்கள் ஏழு வடிவத்தையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பை காலியாகும்வரை எடுத்துக் கொடுக்கின்றன. அதனால் ஒரு நீளக்கட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் அதிகபட்சம் 12 கட்டைதான் வர முடியும். எவ்வளவு தாமதித்தாலும் வந்தே தீரும் என்று தெரிந்திருப்பதால்தான் காத்திருப்பதில் ஒரு துணிச்சல் வருகிறது. விண்டோஸ் மைன்ஸ்வீப்பரில் முதல் கிளிக்கில் கண்ணி வெடிக்காது. யோசிப்பதற்கு எந்தத் தகவலும் கொடுக்காமல் ஒருவரைத் தோற்கடிப்பதில் என்ன இருக்கிறது?

என் ஆந்தை எங்கிருந்து வேண்டுமானாலும் பாயும் என்று வைத்திருந்தேன், "திகிலாக இருக்கும்" என்று. திகில் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இப்போது பாய்வதற்கு அரை நொடி முன் கண் இரண்டும் திறக்கும், ஒரு அலறல் கேட்கும். அந்த அரை நொடியில்தான் ஆட்டமே இருக்கிறது.

5. ஏற்றத்தில் நடுநடுவே திண்ணை வையுங்கள்

செலவு: இல்லை. நேரம்: ஒரு வாரம், பிறகு ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் ஒரு நாள்.

கஷ்டம் நேர்க்கோட்டில் ஏறக்கூடாது. ஏறி, சற்று இறங்கி, மறுபடி ஏறவேண்டும். பேக்-மேன் ஆடியவர்கள் கவனித்திருக்கலாம்: பேய்கள் எப்போதும் துரத்துவதில்லை. முதல் லெவலின் தொடக்கத்தில் 7 நொடி தங்கள் மூலைக்குப் போகும், 20 நொடி துரத்தும், மறுபடி மூலைக்குத் திரும்பும். ஆடுபவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. அடுத்த துரத்தல் அதனாலேயே உறைக்கிறது. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். ஜெயிக்க ஜெயிக்க நெருக்கடி கூடுகிறது, கடைசி ஒன்றைச் சுடும்போது கை வியர்க்கும்.

முதல் லெவலில் எழுத்தால் பாடம் நடத்தாதீர்கள். யாரும் படிப்பதில்லை. ஒரு புது விஷயத்தை முதலில் ஆபத்தில்லாத இடத்தில் காட்டுங்கள், பிறகு ஆபத்தோடு, அப்புறம் பழைய விஷயம் ஒன்றோடு சேர்த்து. என் கேமில் முதல் ஆந்தை ஒரு கூண்டுக்குள் இருக்கிறது. வெளிச்சத்தோடு பக்கத்தில் போனால் கம்பியில் மோதி அலறும். அந்த ஒரு காட்சிக்காக இரண்டு பக்க விளக்கத்தைத் தூக்கிவிட்டேன்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. என் 40 லெவலில் 28, வேறொன்றின் நகல்தான். சுவரை இடம் மாற்றியிருந்தேன், அவ்வளவே. ஒவ்வொரு லெவலுக்கும் "இதில் புதிதாக என்ன யோசிக்க வேண்டியிருக்கிறது" என்று ஒரு வரி எழுதப் பாருங்கள். எழுத வராததை வெட்டுங்கள். வெட்டும்போது வலிக்கும், 12 லெவல்தான் மிஞ்சியது எனக்கு.

இன்னொன்று, உங்கள் கேமில் உலகிலேயே கைதேர்ந்த ஆள் நீங்கள்தான். உங்களுக்குச் சரியான கஷ்டம் என்று தோன்றினால் அது கடைசிக் கட்டத்துக்குரிய கஷ்டம். முதல் லெவல் உங்களுக்குத் தூக்கம் வரும் அளவுக்குச் சுலபமாக இருக்கட்டும்.

6. அடுத்தவர் கையில் கொடுங்கள், வாயைத் திறக்காதீர்கள்

செலவு: இல்லை. நேரம்: ஆளுக்கு 20 நிமிடம், ஒரு சுற்றுக்கு ஐந்து பேர், வாரம் ஒரு சுற்றாக மூன்று சுற்று.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. உங்கள் கண்ணால் சலிப்பைப் பார்க்கவே முடியாது. ஒரு தடவை ஆடியவர் மறுபடி முதல்முறை ஆடுபவர் ஆக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். தெரிந்தவர்கள் எல்லோரையும் முதல் வாரமே செலவழித்துவிடாதீர்கள்.

விதி ஒன்றுதான்: பேசக்கூடாது. "அங்க இல்ல, மேல போங்க" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் அந்தச் சோதனை வீண். கேமை வாங்குகிறவர் வீட்டுக்கெல்லாம் நீங்கள் போய் உட்கார முடியுமா?

இதற்கு ஓர் ஆவணம் வேண்டும்: ஒரு நோட்டு, நேரமும் நடந்ததும் மட்டும். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது. ஆடியவர் அலுவலகத் தோழி ஒருத்தி, ஆந்தைக்கு அலறல் சேர்ப்பதற்கு முன்:

0:04 – மெனுவைப் படிக்கவில்லை, என்டர் தட்டினாள்
0:11 – சுவரில் மோதினாள், சிரித்தாள்
0:31 – ஆந்தை. எங்கிருந்து வந்தது என்று பார்க்கவே இல்லை
0:33 – "ஏன் செத்தேன்?"
0:52 – அதே இடம், அதே சாவு. பெருமூச்சு
1:20 – போனை எடுத்துப் பார்த்தாள்

அன்றிரவு நான் 1:20-ல் என்ன இருக்கிறது என்று தேடி, அங்கே கூடுதலாக நான்கு மின்மினி வைத்தேன். அடுத்த வாரம் இன்னொருவர் அதே 1:20 வாக்கில் கொட்டாவி விட்டார். நோட்டைத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. சலிப்பு வெளியே தெரிந்தது 1:20-ல். அது பிறந்தது 0:31-ல். காரணம் தெரியாமல் செத்த இடத்திலேயே அவள் மனசு கேமைவிட்டு எழுந்துவிட்டது, உடம்பு இன்னும் 50 நொடி மரியாதைக்கு உட்கார்ந்திருந்தது. போனை எடுத்த இடத்தைத் திருத்தாதீர்கள். அதற்கு முன்னால் முகம் எங்கே மாறியது என்று தேடுங்கள்.

முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள், அந்த வார்த்தையின் எடை எனக்குத் தெரியும். "அந்த இடத்தில் என்ன செய்யப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். "இந்தக் கேமை இன்னொருவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விதிகளும் நீங்கள் எழுதிய விதிகளும் ஒத்துப்போகாத இடம்தான் அடுத்த வார வேலை. தீர்வு சொல்வார்கள், "துப்பாக்கி வைங்க" என்பார்கள். தலையாட்டிவிட்டு, எந்தக் குறைக்காக அதைச் சொல்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

தேர்ச்சிக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல்: ஐந்தில் மூன்று பேராவது, நான் சொல்லாமல், தோற்ற பிறகு தாங்களாகவே மறுபடி தொடங்கவேண்டும். அது நடக்கும்வரை ஏழாவது படிக்குப் போகாதீர்கள்.

7. இப்போது பணத்தை வெளியே எடுக்கலாம்

நேரம்: நான்கிலிருந்து ஆறு வாரம்.

படமும் ஒலியும் இலவசமாகவே நல்லவை கிடைக்கும். கென்னி என்ற தளத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, சிசி ஜீரோ உரிமம் (சிசி என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ்). பெயர்கூடப் போட வேண்டியதில்லை. சிசி பை என்றால் ஆக்கியவர் பெயரைப் போட்டே ஆகவேண்டும். என்சி என்ற எழுத்துகள் இருந்தால் வணிகத்துக்குக் கூடாது. "ராயல்டி ஃப்ரீ" என்றால் இலவசம் என்று பொருள் இல்லை; ஒருதரம் காசு கொடுத்தபின் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டாம் என்றுதான் பொருள்.

இங்கே நான் வாங்கிய அடி: ஒரு ஒலிக்கோப்பு, பதிவிறக்கும்போது உரிமத்தைப் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தேன் என்றே நினைவில்லை. கடைசி வாரத்தில் மொத்தமாகத் தூக்கிவிட்டு வேறு தேட வேண்டிவந்தது. அதனால் முதல் நாளே ஒரு பட்டியல் தொடங்குங்கள்: கோப்பின் பெயர், ஆக்கியவர், பக்க முகவரி, உரிமம், இறக்கிய தேதி. எழுத்துருவையும் சேருங்கள், அதை எல்லோரும் மறக்கிறார்கள். யாரிடமாவது படம் வரைந்து வாங்கினால், நண்பராகவே இருந்தாலும், கேமில் பயன்படுத்தவும் விற்கவும் சம்மதம் என்று ஒரு மின்னஞ்சல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

8. வெளியீடு: கட்டணம், காகிதம், காத்திருப்பு

கணக்குத் தொடங்கும் முன் அந்தந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தில் தொகையையும் விதியையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், இவை அவ்வப்போது மாறுபவை.

இட்ச்.ஐஓ (சின்ன கேம்களை ஏற்றும் இணையத்தளம்): கட்டணம் இல்லை. விற்றால் தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை நீங்களே குறிக்கலாம். ஒன்றும் மாற்றாவிட்டால் 10. பிரவுசரில் ஆடும்படி அன்றைக்கே ஏற்றலாம். ஒரு பொறி: ஆடுபவர் ஒரு கிளிக்காவது செய்யும்வரை பிரவுசர்கள் ஒலியை அனுமதிக்காது. அதனால் "தொடங்கு" பட்டன் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கேம் ஊமை என்று கருத்து வரும். முதல் கேமுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

கூகுள் ப்ளே: ஒரேயொரு முறை 25 டாலர். அடையாள அட்டை, தனியுரிமைக் கொள்கைக்கு ஓர் இணையப் பக்கம், தரவுப் பாதுகாப்புப் படிவம், வயது மதிப்பீட்டுக் கேள்வித்தாள் வேண்டும். அட்டையில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகட்டும்; இனிஷியல் முன்னே பின்னே போனதால் எனக்கு ஒரு வாரம் போனது. கேமில் காசு வாங்கினால் உங்கள் முழு முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி வரும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பர் நடுவுக்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், வெளியிட விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் ஆடுவது) சேர்ந்திருக்க வேண்டும். சரியாக 12 பேரைச் சேர்க்காதீர்கள். ஒருவர் பதினோராம் நாள் விலகினாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். 18 பேர் சேருங்கள்.

ஆப்பிள்: ஆண்டுக்கு 99 டாலர். கட்டுவதை நிறுத்தினால் கேமும் கடையிலிருந்து இறங்கிவிடும். முதல் கேமுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஸ்டீம் (கணினி கேம்களுக்கான இணையக் கடை): ஒரு கேமுக்கு 100 டாலர், விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அது திரும்ப வரும். விற்பனையில் 30 சதவீதம் தளத்துக்கு. வங்கி விவரமும் வரிப் படிவமும் தேவை; அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் தனிநபர் நிரப்புவது டபிள்யூ-8 பிஇஎன். வங்கிக் கணக்கில் உள்ள பெயரிலேயே எல்லாவற்றையும் நிரப்புங்கள். கட்டணம் கட்டியதிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும், கடைப்பக்கம் "விரைவில்" என்று குறைந்தது இரண்டு வாரமாவது தெரியவேண்டும். கடைப்பக்கத்தையும் கேமையும் தனித்தனியாகப் பரிசீலிப்பார்கள், அதற்குச் சில வேலைநாள் ஆகும்.

இந்தக் காத்திருப்புகளை முன்கூட்டியே ஓடவிடுங்கள். ஐந்தில் மூன்று பேர் மறுபடி தொடங்கினார்கள் என்றதும் அன்றே கணக்குத் தொடங்கிக் காகிதங்களை அனுப்பிவிடுங்கள். ஏழாம் படிக்கான ஆறு வாரத்துக்குள் இந்த 30 நாளும் 14 நாளும் அடங்கிவிடும். நான் எல்லாம் முடித்துவிட்டு அப்புறம் விண்ணப்பித்தேன். அந்த ஒன்றரை மாதம் சும்மா இருக்க முடியாமல், நன்றாக இருந்த சிறகடிப்பு வேகத்தைத் தொட்டுக் கெடுத்தேன். பழைய பிரதி கையில் இருந்ததால் தப்பித்தேன். நாள்தோறும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

அக்கா மகன் இப்போது ஒன்பதாவது லெவலில் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஆந்தையின் பார்வைத் தூரத்தைக் குறைக்கச் சொல்லி நச்சரிக்கிறான். அந்த லெவலில் ஐந்தாவது மின்மினிக்கு ஆசைப்படாமல் இரண்டு நடை போய்வந்தால் முடித்துவிடலாம். சொல்ல நாக்கு துடிக்கிறது, சொல்லவில்லை.